எடைமேடை, இரவு வேலை

படம் ஒரு மணி இருபது நிமிடம்.
பார்த்து முடிக்க எனக்கு நான்கு இரவு.
லாரி வரும்போதெல்லாம் நிறுத்தி
குலைகளை எடை போட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுத்து
மறுபடி காதில் மாட்டிக்கொண்டு.

முதல் இரவு, கோழிக்குஞ்சுகள்.
ஓடும் பட்டையில் மஞ்சள் மஞ்சளாக,
சேவலாகப் போவதெல்லாம் தனியே.
எங்கே என்று காட்டுவதற்குள் ஹாரன்.
பதினான்கு டன் முந்நூறு கிலோ.
"கொரிய நாடகமா?" என்றான் ஹைருல்.
"ஆமாம், அழுகைக் கதை" என்றேன்.

இரண்டாம் இரவு மழை. ஆறு நிமிடம்தான் நகர்ந்தது.

புத்தகம் அதற்கும் முந்தியது.
பாகாவ் நூலகத்தில், கேக் செய்முறைகளுக்கு நடுவே
யாரோ தவறாகச் செருகியிருந்த மலாய்ப் புத்தகம்.
எனக்கு முன் ஒரே ஒருவர் எடுத்திருக்கிறார்.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில் அவருடைய
நாலு நம்பர் சீட்டு, அடிக்காதது.
தொண்ணூற்றேழில் பால் தொடங்குகிறது.

பால் என்றால் எங்களுக்கு மரம்தான் முதலில்.
அம்மா பால் வெட்டப் போயிருக்கிறாள் என்றால்
யாரும் மாட்டைத் தேடமாட்டார்கள்.
அந்த மரங்களும் போய், செம்பனை வந்து
எனக்கும் வயது முப்பத்தொன்று.
இரண்டாம் வகுப்பில் எழுதினேன்:
மாடு பால் தரும்.
பத்துக்குப் பத்து, ஒரு நட்சத்திரம்.
அந்தப் புத்தகம் இருபது பக்கம் செலவழித்து
'தரும்' என்ற ஒரு சொல்லை மட்டும்
சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகிறது.

மூன்றாம் இரவு, கன்று.
இழுத்துப் போகிறார்கள். தாய் கம்பியோரமாகவே நடக்கிறது.
அதிர்ச்சி என்று சொல்லமுடியாது.
பழைய லயத்துக்குப் பின்னால்
அண்ணன் கிருபாகரனுக்கு நான்கு மாடுகள்.
காளைக்கன்று என்றால் வேன் வரும்.
அன்றைக்கு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்போம்,
அவ்வளவுதான்.
படத்தில் ரேடியோ இல்லை.

என் ஆறாம் படிவ டியூஷன் ஒரு செவலைக் கன்று.
இந்த மலாயை வரிக்கு வரி வாசிக்கும் கண்ணை
அதுதான் எனக்குத் தந்தது.
பாருங்கள், தந்தது என்றே எழுதுகிறேன்.

இந்தப் பழைய தராசு
ஐம்பது கிலோவுக்குக் கீழே எதையும் எண்ணாது.
அண்ணன் மாட்டுக் கன்று பிறந்த அன்று பதினைந்து தேறாது.
மேடை நடுவில் நிறுத்தினாலும்
பூஜ்யம் என்றே எரியும் சிவப்பு எண்.

நான்காம் இரவு மாற்று வழிகள்.
பாலில்லா வெண்ணெய், பாலில்லா பிஸ்கட்.
சம்பள நாளில் பெரிய கடைக்குப் போய்
டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தேன்.
செம்பனை எண்ணெய்.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
நான் எடை போட்டதாகவும் இருக்கலாம்.
செம்பனையைப் பற்றியும் ஒரு படம் இருக்கிறதாம்,
காடும் குரங்குகளும். கைப்பேசியில் காத்திருக்கிறது.
இன்னும் தொடவில்லை.
தொட்டால், வேலையை என்ன செய்வது?

நனிசைவம் என்று தமிழில் ஒரு சொல் இருப்பதை
அண்ணனிடம் சொன்னேன்.
"நனைஞ்ச சைவமா?" என்று சிரித்தான்.
ஒட்டுக்கடையில் தே ஓ கேட்டால்
"ஏன் பிள்ள, இனிப்பு நீரா?" என்கிறார் பவுனம்மா.
வெள்ளிக்கிழமைகூட இல்லையே என்று
பக்கத்து மேசையும் சேர்ந்து கவலைப்படுகிறது.
தொண்டை சரியில்லை என்கிறேன்,
ஒன்பது நாளாக.

விடிந்து வீட்டுக்கு வந்தால்
கேட்டில் வழக்கம்போல அண்ணன் மாட்டிவிட்டுப் போன புட்டி.
காசு வாங்கமாட்டான்.
உள்ளே கொண்டுபோகவில்லை.
திருப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை.
பூட்டைத் திறந்தபடி நிற்கிறேன்.
தொட்டுப் பார்த்தேன்,
இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.